திரும்பி வரும் நிரை

முதல் தாளில் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணி எஸ்டேட் ஆபீசில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த மாதம் அது. ஒரு சரிவில் வேர் நோய் கண்ட தேயிலைச் செடிகளைக் கணினியில் சரியாகக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம் என்று எஸ்டேட்டை நடத்தும் துரை சொல்லியிருந்தார்.

அண்ணி சி மொழியில் ஓர் இருபரிமாண அணி அமைத்தார். முதல் எண் நிரையைக் குறிக்கும். இரண்டாவது, அந்த நிரையில் செடி நிற்கும் இடத்தை. சீக்குச் செடிக்கு ஒன்று, நல்ல செடிக்குப் பூச்சியம்; ஒன்று வந்த இடமெல்லாம் அச்சிட்ட தாளில் சிவப்புப் புள்ளியாகும். எண்ணுவதே பூச்சியத்திலிருந்துதான் என்றபோதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும் மேரி அக்கா நடந்தபடியே ஒவ்வொரு செடியாகச் சொல்ல, அண்ணி பின்னால் குறித்துக்கொண்டே போனார்.

புதன்கிழமை தாளைச் சாலையில் நின்று மலையோடு ஒப்பிட்டோம். அண்ணன் வியாழன் என்பான். மழை விட்ட மறுநாள் என்பதால் புதன்தான். ஒன்றுவிட்டு ஒரு நிரை இடவலம் மாறியிருந்தது. காரணம் அண்ணிக்கு உடனே புரிந்தது. ஒரு நிரை முடிந்ததும் மேரி அக்கா அந்த முனையிலிருந்தே அடுத்த நிரையில் திரும்பி வந்திருக்கிறார். அப்படிப்பட்ட நிரைகளை மட்டும் கடைசியிலிருந்து நிரப்பும்படி அண்ணி நிரலைத் திருத்தினார். தாளும் மலையும் ஒன்றாயின.

மறுநாள் மேரி அக்காவும் மற்ற ஆட்களும் அந்தத் தாளைக் கொண்டுபோய், அதில் புள்ளி விழுந்த செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். பல நாடாக்கள் நல்ல செடிகளில் இருந்தன. நாடா கட்டிய செடிகளைத் திங்களன்று பிடுங்கிவிடுவார்கள்.

“கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, ராத்திரியோட ராத்திரியா செடிய மாத்தி நட்டுட்டியா?” என்றார் மேரி அக்கா.

அண்ணி சிரிக்கவில்லை. எந்த முனையிலிருந்து எண்ணினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“நெரையில எந்தத் தலையில நுழையிறோமோ, அங்கேருந்துதான். வேற எப்படி லா எண்ணுறது?”

அப்படியானால், தவறென்று ஒதுக்கிய முதல் தாள்தான் நடப்பவர்களுக்குச் சரி. திருத்திய தாள் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்குச் சரி. உண்மையில் எது சரி என்று கேட்டேன். அண்ணி நாடாக்களை அவிழ்க்கப் போனார். ஞாயிறு மாலைக்குள் முதல் தாளைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிக் கட்டியாயிற்று. நல்ல செடிகள் தப்பின. அண்ணிக்கு வேலையும் நிலைத்தது.

இப்போது ஒவ்வொரு சரிவுக்கும் அவர் இரண்டு தாள் அச்சிடுகிறார்: துரைக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. சில ஞாயிறுகளில் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்து பார்க்கிறேன். முதல் நிரையில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டாவது நிரைக்குத் திரும்பும்போதுதான், எதைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றுவிடுகிறேன்.