விலக்கில் பேருந்தை நிறுத்திய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்து, "அக்கா இவ்வளவு அமைதியானவரா?" என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். படம் பிடித்தவர் அசையக் கூடாது என்று சொன்னதால் ஒரு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அடுத்த நிமிடமே எழுந்து, அந்தப் போட்டோக் கடையில் மின்விசிறி ஏன் ஓடவில்லை என்று சண்டைக்குப் போய்விட்டார். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைச் சாதுவாகக் காட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சுந்தரபாண்டியத்தில். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டார். மழை பெய்த வருடம் சோறு, பொய்த்த வருடம் கஞ்சி. அக்கா மூத்தவர், நான் இளையவள். எங்களை அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்குக் காரணம் பாதி படிப்பு, பாதி மதியச் சோறு. அக்கா இதை யாரிடமும் ஒளித்ததில்லை. "நான் முட்டைக்குத்தான் போனேன். போன எடத்துல எழுத்தும் கெடச்சிது" என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்வார். அந்த முட்டையின் தயவில் பத்தாம் வகுப்பு தேறினார். எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் அத்தானுக்கு அவரைக் கொடுத்தார்கள். அத்தான் விவசாயக் கூலி. அதிர்ந்து பேசத் தெரியாதவர். யாராவது மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டால் மறுக்கவும் தெரியாதவர். சில வருடங்களில் என்னையும் அதே தெருவில் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவும் நானும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தோம்.

அந்த மில் எங்கள் கண் முன்னால்தான் வளர்ந்தது. ஒரு கொட்டகை இரண்டாயிற்று. பழைய மிஷின் போய்ப் புது மிஷின் வந்தது. ராஜபாளையமும் கூடவே வளர்ந்தது. பெரிய பெரிய நகைக்கடை, மாடி மாடியாய்த் துணிக்கடை எல்லாம் வந்தன. எங்கள் தெரு மட்டும் மழைக்கு ஒழுகிக்கொண்டு அப்படியே இருந்தது. கூலி கூட்டிக் கேட்டால் மேற்பார்வையாளர், "பிடிக்கலைன்னா வேற மில்லுக்குப் போங்க" என்பார். எங்களால் போக முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் மில் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடும். வேறு மில்லுக்குப் போவதென்றால் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதை வைத்து அடுப்பு எரியாது. வேன் சும்மா வந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அக்கா மட்டும், "இது வண்டி இல்லட்டி, கயிறு" என்பார்.

ராஜபாளையத்தின் மறுகோடியில் மருத்துவத் துணி நெய்கிற ஒரு கம்பெனி இருந்தது. கூலி அதிகம். இ.எஸ்.ஐ. வைத்திய வசதி உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அங்கே போக வண்டி இல்லை. இப்படியே பல வருடங்கள் ஓடின.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த அன்று அக்கா வீட்டில் பாயசம். மறுநாளே மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அவரை நம்பி நானும் தெருப்பெண்கள் சிலரும் கூடப் போனோம். கம்பெனியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நேரத்துக்கு வர வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் தெருப்பாதை மெயின் ரோட்டில் சேரும் இடத்தை விலக்கு என்போம். அந்த விலக்கில் பெண்கள் மட்டும் நின்றால் காலை பஸ் நிற்காமல் போய்விடும். கை காட்டினால், பின்னால் இன்னொரு பஸ் வருகிறது என்று டிரைவரும் கை காட்டுவார். பின்னால் ஒரு வண்டியும் வராது. ஓடியும் நடந்தும் வேலைக்குப் போய் நேரம் தப்பிக்கொண்டே வந்தது. இன்னொரு தடவை தாமதமானால் வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பழைய மில் வேன் எங்களைத் தாண்டும்போது மேற்பார்வையாளர் தலையை நீட்டி, "ஓசி பஸ் எங்க, காணோம்?" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன். வேனிலேயே ஏறிவிடலாம் என்று இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா தெருவில் நின்று ஆண்களைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல எல்லாரும் விலக்குக்கு வாங்க. நீங்க முன்னாடி நில்லுங்க, நாங்க அங்க இருக்க செவருக்குப் பின்னாடி நிக்கோம். ஆம்பளைகளப் பாத்தா பஸ்ஸு நிக்கும். நாங்க ஏறிக்கிடுதோம். நீங்க வீட்டுக்கு வந்துருங்க."

திட்டம் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. காலையில் அத்தான் லுங்கியோடு, வாயில் வேப்பங்குச்சியோடு, எல்லோருக்கும் முன்னால் நின்றார். பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்கய்யா, ஏறுங்க" என்றார். அத்தானை வாழ்நாளில் அத்தனை மரியாதையாக யாரும் பஸ்ஸில் ஏறச் சொன்னதில்லை. ஏறிவிட்டார். அவர் ஏறியதைப் பார்த்து, திட்டம் மாறிவிட்டது போல என்று மற்ற ஆண்களும் வரிசையாக ஏறிவிட்டார்கள். அக்காவும் நானும் முண்டியடித்துப் பின்வாசலில் தொற்றிக்கொண்டோம். மற்ற பெண்கள் சுவருக்குப் பின்னாலிருந்து ஓடி வருவதற்குள் விசில் ஊதி பஸ் கிளம்பிவிட்டது.

கண்டக்டர் அத்தானிடம் டிக்கெட் கேட்டார். லுங்கி மடிப்பில் என்ன இருக்கும்? அத்தான் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பணிவாக, "எங்க வீட்டுல பின்னாடி நிக்காவ, அவியகிட்ட வாங்கிக்கிடுங்க" என்றார்.

"எனக்கு டிக்கெட் கெடையாது, நான் காசு கொண்டாரல" என்று அக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டார். "அவியளுக்குத்தான் காசு. அவிய எதுக்கு ஏறுனாவன்னு அவியளையே கேளுங்க!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவரும் சிரிப்புத் தாங்காமல் வண்டியை ஓரம் கட்டினார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "அண்ணாச்சி, நாங்க நின்னா ஏன் நிப்பாட்ட மாட்டேங்கிய?"

"நேரத்துக்குப் போவணும்லம்மா. ஓசி ஆளுகளுக்காக எல்லா விலக்குலயும் நிப்பாட்டுனா என்ன ஆகும்?" என்றார் டிரைவர்.

"யாரு ஓசி? உப்பு வாங்குனா வரி, செருப்பு வாங்குனா வரி. அதுலதான இந்த வண்டி ஓடுது? நீங்க விட்டுட்டுப் போற ஒவ்வொரு நாளும் நாங்க கூலிய விடுதோம். வேலையே போவப் போவுது. எங்களுக்குன்னு வந்த வண்டிய நாங்க ஆம்பளைகளக் காட்டி ஏமாத்தி ஏறணுமா அண்ணாச்சி?"

இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்துவிட்டது. அக்கா பொது இடத்தில் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். விலக்கில் விட்டுவிட்டு வந்த பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "எல்லாரும் வந்து ஏறட்டும் தாயி, வண்டி நிக்கும்" என்றார். கடைசிப் பெண் ஏறும் வரை வண்டி நின்றது. அத்தான் வகையறா இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். நாங்கள் நேரத்துக்கு வேலைக்குப் போனோம். மறுநாள் பெண்கள் மட்டும் நின்றோம். பஸ் நின்றது. அதன் பிறகு ஒரு நாளும் நிற்காமல் போகவில்லை.

தெருவில் மற்ற பெண்களும் கம்பெனிக்கு மாறவே, பழைய மில் வேனில் ஆள் குறைந்தது. ஒரு மாலை மேற்பார்வையாளரே அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். கூலியைக் கூட்டியிருக்கிறோம், இ.எஸ்.ஐ. பிடிக்கிறோம், பெண்களைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்றார். அக்கா காபி கொடுத்து உபசரித்து, "ஆளுகளுக்குச் சொல்லுதேன். அவுக அவுக இஷ்டம்" என்று அனுப்பிவைத்தார். அவர் போனதும் அடுப்படியில் என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதி எனக்குத்தான் தெரியும். சிலர் திரும்பிப் போனார்கள், நல்ல கூலிக்கு. நாங்கள் போகவில்லை. இரண்டு பக்கமும் கூலி ஏறியது. வீட்டுக்கு வீடு ஒழுகல் நின்றது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத் தருகிற மாத உதவியோடு அக்கா மகள் நர்சிங் படித்தாள். "மில்லு வளந்தா மட்டும் நம்ம தெரு வளராது. அங்க போவ நமக்கொரு வழியும் வேணும், வேண்டாம்னு சொல்ல ஒரு தெம்பும் வேணும்" என்று அக்கா சொல்வார்.

பிறகு இருதயத்தில் நோய் வந்தது. இ.எஸ்.ஐ. இருந்ததால் கைக்காசு செலவில்லாமல் மதுரையில் நல்ல வைத்தியம் பார்த்தோம். ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். படுக்கையிலும் நர்சம்மாவிடம், உங்களுக்கு எத்தனை மணி நேரம் வேலை, மதியம் சாப்பிட விடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலை மகள் மடியில் தலை வைத்து அமைதியானார். அத்தான் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் வேலைக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, நேரமாச்சு" என்ற சத்தம் இல்லாமல் கால் நகர மறுக்கிறது.

வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலையோடு முதல் ஆளாக வந்து நின்ற, அக்கா மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டாருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அன்று வண்டியை நிறுத்திய டிரைவர் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

கடைசியாக, எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா உங்களிடம் நன்றி எதிர்பார்த்தவர் இல்லை. ஆனால் போன வாரம் விலக்கில் நான் பார்த்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். பஸ் வருவதற்கு முன்னால் இரண்டு மில் வேன்கள் வந்து நின்றன. இரண்டிலிருந்தும் மேற்பார்வையாளர்கள் இறங்கி, "எங்க மில்லுக்கு வாங்கக்கா, கூலி கூட்டித் தாரோம்" என்று கூப்பிட்டார்கள். பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள், சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"யோசிச்சுச் சொல்லுதோம்."