கொடி தூக்காதவர்

சிவப்புப் பருத்தித் துணியைச் சதுரமாகக் கிழித்து மூங்கில் குச்சியில் கட்டிய கொடி. அதைத் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டபடி அவர் கோட்டருகே நின்றார். அவர் அதை உயர்த்தவில்லை. ஆனால் தீர்ப்பு அவர் சொன்னது என்றுதான் அன்று மைதானம் முழுவதும் நம்பியது. நம்ப வைத்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சேலத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். கால்பந்து நடுவருக்கான பரீட்சையில் தேறி விசில் ஊதத் தொடங்கிய புதிது. அதுவரை எங்கள் பக்கத்து ஆட்டங்களில், கோட்டில் நிற்கும் லைன்ஸ்மன்களை ஆடுகிற அணிகளே ஆளுக்கொருவராக அழைத்து வரும். யார் காலில் பட்டுப் பந்து வெளியே போனாலும் அவரவர் கொடி அவரவர் அணிக்கே சாயும். நடுவர்கள் அந்தக் கொடிகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்த ஆண்டு போட்டிக் குழு, இறுதி ஆட்டத்துக்குப் பொது ஆட்களை நிறுத்துவதென்று தீர்மானித்தது. பொது ஆள் என்றால் யார் என்பதில் பெரிய வாதம் நடந்தது. இரண்டு அணிக்காரர்களின் குடும்பங்களோடும் பெண் கொடுக்கல் எடுக்கல் இல்லாத ஊர்களிலிருந்து ஆள் வர வேண்டும் என்று கடைசியில் முடிவாயிற்று. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைவிட நம்பத் தகுந்த விதி வேறு கிடையாது.

அப்படித்தான் எருமப்பட்டிக்காரர் வந்தார். இளவயதில் கோலார் தங்கவயலில் வேலை செய்தபோது பந்து ஆடியவர். ஊர் திரும்பி மாட்டுத் தரகரானவர். விற்பவரும் வாங்குபவரும் அவருடைய துண்டுக்கடியில் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசுவார்கள். இரு பக்கமும் அவரை நம்பினால்தான் அந்தத் தொழில். ஆட்டத்துக்கு முன் என்னிடம் வந்து, “ஏனுங்க வாத்தியாரே, நானு கண்ணுல பட்டாத்தானுங்க கொடி தூக்குவேன். படாததுக்குத் தூக்கச் சொல்லாதீங்க” என்றார். நான் சிரித்தேன்.

மில் அணியும் மாதா கோயில் அணியும் மோதின. மில் அணிக்குப் பின்னால் இருந்த செல்வந்தர்தான் எங்கள் பள்ளியின் நிர்வாகி. என் வேலையை நிரந்தரமாக்க வேண்டியவரும் அவரே. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடியப் போகும் நேரம், கோல் எதுவும் விழவில்லை. மில் அணியின் தடுப்பாட்டக்காரர் தன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டினார். நான் மிக அருகில் நின்றேன். அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. என்னை அறியாமலே விசில் ஊதிவிட்டேன்.

ஊதிய பிறகுதான் நாற்காலியைப் பார்த்தேன். நிர்வாகி எழுந்து நின்றுகொண்டிருந்தார். விசிலைத் திரும்ப வாங்க முடியாது. அந்தத் தீர்ப்பு என்னுடையதாக இல்லாமல் போனால் போதும் என்று தோன்றியது. கை பட்டதில் எந்தச் சந்தேகமும் இல்லாமலே எருமப்பட்டிக்காரரை நோக்கி நடந்தேன்.

“கையில் பட்டதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. நடுவுல ஒருத்தன் முதுகு மறைச்சிருச்சுங்க. எனக்குத் தெரியலீங்க.”

அவர் ஆமாம் என்றதுபோல நான் நிதானமாகத் தலையை ஆட்டினேன். ஒரு முறைக்கு இரு முறை ஆட்டினேன். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பி, கையை நீட்டி அவரைக் காட்டி, “லைன்ஸ்மன் பார்த்திருக்கிறார். பெனால்டி” என்று உரக்கச் சொன்னேன். அவர் வாய் லேசாகத் திறந்து மூடியது. ஆட்டத்தின் நடுவில் நடுவரை மறுத்துப் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தீர்ப்பு சரியானதுதான். அதைச் சொல்லி என்னை நான் பல காலம் ஏமாற்றி வந்தேன்.

கோல் விழுந்தது. கூட்டத்தின் கோபம் எருமப்பட்டிக்காரர் மேல் திரும்பியது. “கொம்பு புடிக்கிற கைக்குக் கொடி எதுக்குடா?” “மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாப்ப, பந்துக்கு எதப் புடிச்சுப் பாத்த தரகா?” “துண்டுக்குள்ள யாரு கைய உட்டாங்கன்னு கேளுடா!” மண்ணாங்கட்டிகள் பறந்தன. நிர்வாகி என்னைக் கடந்து போகையில், “நீர் என்ன செய்வீர் பாவம், அந்த ஆள் அப்படிச் சொல்லிவிட்டான்” என்றார். நான் ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் எருமப்பட்டிக்காரர் பள்ளி வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “சந்தையில ஒருத்தரும் என்ற துண்டுல கை வெக்கறதில்லீங்க. கொடிய வித்தவன்னு பேராயிப் போச்சு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா ஊடு பொழைச்சுக்குமுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். வேலை நிரந்தரமானதும் சொல்லலாம் என்று நினைத்தேன். நிரந்தரமாயிற்று. பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன்.

இன்று தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது, நடுவர் கோட்டருகே போய் ஏதோ கேட்பார். இருவர் உதடும் அசையும், பேச்சு நமக்குக் கேட்காது. பேரன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

யுத்தம் முடிந்த சமயத்தில் ஒரு வேலையாக எருமப்பட்டிப் பக்கம் போனபோது அவரைச் சந்தையில் கண்டேன். தரகு போயிருந்தது. பிறர் வாங்கிய மாடுகளை அவரவர் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் கூலி வேலை. என்னை அடையாளம் கண்டு, “வாங்க வாத்தியாரே, நல்லாருக்கீங்களா?” என்றார். அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், அன்று நான் செய்ததை, ஏன் செய்தேன் என்பதையும் சேர்த்து, தாழ்ந்த குரலில் முழுவதும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

மாட்டுக் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “அன்னிக்கு அத்தனை சனத்துக்கு முன்னால என்ற பக்கம் கை காட்டுனீங்க. இன்னிக்கு என்ற காதுக்குள்ள வந்து சொல்றீங்களே, சாமி” என்றார். கோபம் இல்லை. விலை படியாத மாட்டைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

எங்களைச் சுற்றிச் சந்தை நிறைந்து கிடந்தது. அவர் துண்டில் கை வைக்க மறுத்தவர்கள் அங்கேதான் நின்றார்கள். குரலை உயர்த்தியிருந்தால் பத்துப் பேருக்காவது கேட்டிருக்கும். என் வேலைக்கும் அப்போது ஆபத்தில்லை. அவரும் அதற்காகச் சற்று நேரம் காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது. வருகிறேன் என்று சொல்லி ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். உட்கார இடமும் கிடைத்தது.