கீர்த்தனியின் கணக்குக் கொப்பி

கீர்த்தனி என்ற பெயரை நான் முதலில் கேட்டது லோஜினியின் அழுகைக்கு நடுவில். லோஜினி என் தம்பி மகள். தாயில்லாத பிள்ளை, மூன்று வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன். உயர்தர ரியூசன் வகுப்பில் எப்போதும் முதலாவது. அன்றைக்கு இரண்டாவது.

"ஆரடி அவள்?"

"தம்பலகாமத்தால வாறவள், மாமி. உராய்வுக் கணக்கு முழுக்கச் சரி. எனக்கு ஒண்டும் சரிவரேல்ல."

விசாரித்தால், திரியாய் ஊர்ச் சின்னராசாவின் மகள் வயிற்றுப் பேத்தி. சின்னராசா என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. முறைக்கு அவளும் எனக்கு மருமகள்தான். சொந்தம் என்று தெரிந்ததும் எரிச்சல் கூடியது.

ரியூசன் பக்கத்து வீட்டில். பஸ் வரும்வரை கீர்த்தனி எங்கள் வீட்டில்தான் இருப்பாள். சோதினைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கணக்குக் கொப்பியைக் கதிரையில் மறந்து விட்டுப் போனாள். நான் அதை அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் வந்து கேட்டாள்: "மாமி, என்ர கொப்பியைக் கண்டனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. பஸ்ஸில விட்டிருப்பாய்."

அழுவாள் என்று பார்த்தேன். அவள் குசினிக்குள் போய் என் றொட்டிப் பலகையையும் இரண்டு சவர்க்காரக் கட்டிகளையும் எடுத்து வந்தாள்.

"லோஜி, பலகையில ஒண்டை வைச்சு ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்து. சறுக்கத் தொடங்கிற சரிவு தெரிஞ்சால் உராய்வுக் குணகம் வந்திடும்."

"பாரம் கூடினால்?"

"ரெண்டையும் சேர்த்துக் கட்டிப் பார்."

அதே சரிவில்தான் சறுக்கியது. "பாரம் கூடினால் இழுப்பும் கூடும், அழுத்தமும் கூடும். ஆனால் பலகை சரிஞ்சால் முழுப்பாரமும் பலகையை அழுத்தாது. நீ முழுப்பாரத்தையும் போடுறாய். அங்கதான் பிழை."

லோஜினி கைதட்டிச் சிரித்தாள். என்னோடு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"வையுங்கோடி பலகையை! றொட்டி சவர்க்காரம் மணக்கப் போகுது."

"சவர்க்காரத்தின்ர கடதாசியைப் பிரிக்கேல்ல, மாமி," என்றாள் கீர்த்தனி.

அடுத்த கிழமை பிரியாவிடை விழாவுக்குச் சீலை தேடி லோஜினி அலுமாரியைத் திறந்தாள். கொப்பியோடு வந்து நின்றாள்.

"இதென்ன, மாமி?"

நான் சீலைகளை மடிக்கத் தொடங்கினேன். லோஜினி விழாவுக்கும் போகாமல் கொப்பியோடு தம்பலகாமம் பஸ் ஏறினாள். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள். சோதினை முடியும்வரை சனி, ஞாயிறு எல்லாம் அங்கேதான். இருவருக்கும் கம்பஸ் அனுமதி கிடைத்தது. அங்கும் ஒரே அறை.

கொப்பியைப் பற்றி கீர்த்தனி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கண்டால் "மாமி, சாப்பிட்டனீங்களா?" என்றுதான் கேட்பாள். அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாது. லோஜினிக்குப் பிள்ளை பிறந்த செய்தியும் முதலில் அவளுக்குத்தான் போனது. எனக்கு இரண்டாவதாக.

கீர்த்தனி இப்போது துறைமுகத்தில் என்ஜினியர். உவர்மலையில், லோஜினியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள்.