தெருவின் பேரில் ஒரு தேங்காய்

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் எடுபிடியாக இருந்தபோது அவரைப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்து லாரி டிரைவர். ஒல்லி உடம்பு, தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். ஒவ்வொரு நடைக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எங்கள் தெருவுக்குள் வருவார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிற தெரு அது. லாரிகளின் வேகத்தைக் குறைக்கக் குறுக்கே மேடு போடலாமா என்று ஒரு சாயங்காலம் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள்.

"மேடு போட்டா லோடு ஏத்துன கைவண்டி ஏறாது," என்றார் என் முதலாளி. "இவரைப் பாருங்க, தேங்கா உடைக்காம தெருவுக்குள்ள நுழைய மாட்டாரு. ஒண்ணும் வராது, கேட்டோ."

ஓரமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார்.

"அந்தத் தேங்கா எனக்கு, அண்ணாச்சி. ஒங்க பிள்ளைகளுக்கு இல்ல. பிந்தி வந்தா மூட்டை இறக்குற சுமட்டுக்காரங்க அடுத்த லாரிக்குப் போயிருவாங்க. சொல்லிட்டேன், நான் மெதுவா வரமாட்டேன். மேட்டைப் போட்டிருங்க."

"அப்போ பிள்ளைகளுக்கும் ஒண்ணு உடைச்சாப் போச்சு!" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். தினமும் காலையில் தெருவின் பேரில் ஒரு தேங்காய் என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது.

டிரைவர் என்னிடம் கேட்டார்: "பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குப்பா?"

"ஒம்பதரைக்கு."

"நான் வர்ற நேரந்தான்," என்றார்.

மறுநாள், முதலாளி தேங்காய் உடைக்கப் போயிருந்தபோது, தெருமுனையில் ஹாரன் விடாமல் அலறியது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கடைப்படிகளில் ஏற்றினேன். லாரி எங்களைக் கடந்தது. அவர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. வேகமும் குறையவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காக எங்களைவிட அவர்தான் பயந்தார். அந்த மனிதரை என்ன சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.