சென்னையிலிருந்து வந்த காப்ஸ்யூல்

எங்கள் குடும்பத்தில் யார் சென்னைக்குப் போனாலும், திரும்பும்போது பெட்டியில் புடவை, முறுக்கோடு ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூல் அட்டைகளும் வரும். அங்கே மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், இங்கே கிள்ளானில், டாக்டரிடம் போகவேண்டும். அந்த அட்டைகளைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதில் என் அக்காவுக்குத் தனிப் பெருமை. எனக்கும் ஓர் அட்டை தந்தாள். வாங்கினேன், தொடவில்லை. வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில், அக்கா வீட்டில், அவளுக்குக் காய்ச்சல். நான் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் போன் அடித்தேன்.

"கிளினிக் போக்கா. ரத்தம் பார்க்கச் சொல்லு. எங்க பார்த்தாலும் டெங்கி."

"அந்தக் காப்ஸ்யூல் போட்டுட்டேன்லா. நீ சும்மா டென்ஷன் ஆகாதே."

ஒரு நாள் காலையில் அவளே அழைத்தாள். "பாத்தியா, காய்ச்சல் போயே போச்சு!" வாய் பெருமையடித்தது, ஆனால் பேச்சு இழுத்தது. வயிறு வலிக்கிறதாம், வாந்தி வேறு. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது நின்றபோது மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அக்கா சோபாவில் துவண்டு கிடந்தாள். சூடு இல்லை, கை ஜில்லிட்டிருந்தது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்ததாக அத்தான் சாவகாசமாகச் சொன்னார்.

"காய்ச்சல்தான் விட்டுருச்சே மா. படுத்து எழுந்தா சரியாயிடும்."

"காரை எடுங்க அத்தான்!" என்று கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி என்றார்கள். காப்ஸ்யூல் கதையைக் கேட்ட டாக்டர் அத்தானைப் பார்த்தார். "அங்கிள், ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். டெங்கி வைரஸ். அந்த மருந்து ஒண்ணுமே பண்ணல. காய்ச்சல் தானா இறங்கிச்சு. இறங்குற நேரம்தான் ரொம்ப டேஞ்சர்."

பிறகு வார்டு. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட்லெட் இறங்கியது, இன்னும் இறங்கியது. அக்கா இல்லாமல் போய்விடுவாளோ என்று நினைக்கவே பயந்தேன். வேறு எதையும் நினைக்கவும் முடியவில்லை.

ஒரு வழியாக ஏறத் தொடங்கியது. அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்ததைப் பார்த்து அழுதுவிட்டேன்.

"மிச்ச காப்ஸ்யூலை எல்லாம் பார்மசியில கொடுத்து அழிச்சிடச் சொல்லுங்க," என்றாள் அத்தானிடம்.

அத்தானின் முகம் மாறியது. "உனக்குக் காய்ச்சல் விட்ட அன்னிக்குக் காலையிலயே பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட கொடுத்துட்டேனே. அவங்களுக்கும் காய்ச்சல். உனக்கு நல்லா கேட்டுச்சேன்னு..."

அவர் போனைப் பிடுங்கி நானே அடித்தேன். ஆன்டி உடனே எடுத்தார்.

"அக்கா எப்படி இருக்கு? உங்க மருந்து சூப்பர்லா! இன்னிக்குக் காலையில காய்ச்சல் போயே போச்சு."

"ஆன்டி, வயிறு வலிக்குதா?"

"லேசா," என்றார்.

அத்தான் அதற்குள் கார் சாவியோடு வார்டு வாசலுக்குப் போயிருந்தார்.