விமானத்துக்கு வைத்த சந்தனம்

என் மேஜைமேல் ஒரு விமானம் இருக்கிறது. கம்ப்யூட்டர், பெரிய திரை, கையில் பிடிக்க ஒரு ஸ்டியரிங், பக்கத்தில் மூன்று நெம்புகோல்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கேம்’. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் வேலை எனக்கு. நாள் முழுக்க அளந்து பார்த்து நல்லதை ஒரு தட்டிலும் ஆகாததை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சமைத்து முடித்த பிறகு பறப்பேன். நிஜ விமானத்தின் படிக்கட்டில்கூடக் கால் வைத்ததில்லை. அதனால் என்ன? பப்புவா நியூ கினி மலைகளுக்குள் எந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தால் வெளியே வரலாம் என்று எனக்குத் தெரியும். பெரிய விமான நிலையங்கள் எனக்கு ஆகாது. விளக்குப் போட்டு, வழிகாட்டி, கிட்டத்தட்டக் கையைப் பிடித்தே இறக்கிவிடுவார்கள். மலைச்சரிவில் வெட்டிய புல்தரைதான் எனக்கு வேண்டும். முன்னால் பள்ளம், முடிவில் பாறை. தவறினால் மறுபடி மேலே ஏற இடம் கிடையாது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு என் கணவர் தண்ணீர் மோட்டார், மிக்ஸி, பைக், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். எலிப்பொறிக்குக்கூட வைத்தார். என் விமானத்துக்கு வைக்கவில்லை. “அது கேம் தானே” என்றார். எலிப்பொறி ஆயுதமாம், என்னுடையது விளையாட்டுச் சாமானாம். அவரிடம் கொஞ்ச நாள் பேசவே இல்லை.

இந்த வருஷம் நான் கேட்காமலே, சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து நெம்புகோல்மேல் வழிய வழியப் பூசினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரணம் ராத்திரி சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. பூஜைக்கு வந்திருந்த மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், ஆரணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலையில் தன் லோடு வண்டியிலேயே கம்ப்யூட்டரைக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. என்னைக் கேட்காமலே என் கணவர் தலையாட்டியிருக்கிறார்.

“ஊட்ல சும்மா கெடக்குற பொருளு. கடைல வச்சா நாலு பேருக்கு ஒதவும்” என்றார் மூத்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சாம்பாரைப் பார்த்துச் சொன்னார்.

“சும்மா கெடக்கல மாமா. நான் ஓட்டிக்கினு இருக்கேன். என் போனஸ்ல நான் வாங்குனது.”

“கேம் ஆடுறதுக்கு அம்மாம் பெரிய கம்ப்யூட்டரு எதுக்கும்மா? போன்ல ஆடிக்க.”

என் கணவர் தட்டில் கறிவேப்பிலையைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ரசம் பரிமாறாமலே எழுந்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜை போட்ட பொருளைக் கையில் எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். கணவர் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தார். மூத்தார் வண்டியின் ஹாரனை அடித்தார். நான் விமானத்தில் உட்கார்ந்தேன். மூத்தார் தோளில் கயிற்றோடு பின்னால் வந்து நின்றார்.

“சரி, ஒரு வாட்டி ஓட்டிக் காட்டு. மோதாம எறக்கிட்டா நீயே வச்சிக்க. மோதிச்சின்னா ஏத்திடுவேன்.”

நான் சரியென்று சொல்லாமலே, ஒரு மலைச்சரிவுப் புல்தரையைத் தேர்ந்தெடுத்துக் கிளம்பினேன்.

கிளம்பும்போது எஞ்சின் வேகத்துக்கான நெம்புகோல் கரகரத்தது. தூசியென்று விட்டுவிட்டேன். மலையைத் தாண்டியதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். இறங்குவதற்காக இன்னும் இழுத்தால் வரவில்லை. உள்ளே வழிந்து இரவெல்லாம் காய்ந்த சந்தனம், கட்டியாகப் பெயர்ந்து நெம்புகோல் நகரும் பிளவில் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்தேன். மேஜைதான் நகர்ந்து வந்தது.

“இன்னா ஆச்சு?” என்றார் கணவர்.

“நீங்க வச்ச சந்தனம்.”

மூத்தார் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

இந்த வேகத்தில் போனால் பாறைதான். ஆனால் கடைசி நெம்புகோல், எஞ்சினுக்கு எரிபொருள் விடும் சிவப்பு நெம்புகோல், நன்றாகவே அசைந்தது. அதை இழுத்தால் எஞ்சின் செத்துவிடும். முந்தி இழுத்தால் பள்ளத்தில் விழுவேன், பிந்தி இழுத்தால் பாறையில் மோதுவேன். பயமாகத்தான் இருந்தது. புல்தரை மூக்குக்கு நேராக வரும்வரை பொறுத்திருந்து இழுத்தேன்.

சத்தம் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி மட்டும் கேட்டது. விமானம் புல்லில் பட்டு ஒரு துள்ளு துள்ளி, மேட்டில் உருண்டு ஏறி, பாறைக்கு முன்னால் நின்றது.

“எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சே?” என்றார் மூத்தார்.

“நான்தான் ஆஃப் பண்ணேன் மாமா.”

மூத்தார் குனிந்து திரையில் பாறையை ஒருமுறை பார்த்தார். பிறகு கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, மோதல. நீயே வச்சிக்கம்மா” என்று வரம் கொடுக்கும் சாமி மாதிரி கையை லேசாகத் தூக்கினார். என் கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நானும் சிரித்துவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று அவர் முகம் கெஞ்சியது. அப்படி முடிந்தால், அண்ணன் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார் என்பதுதான் இந்த வீட்டில் காலத்துக்கும் நிற்கும் கதை.

நாற்காலியைத் திருப்பி மூத்தாரைப் பார்த்தேன்.

“மோதியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன் மாமா.”