சுலோசனாக்கா கேட்காத கொசுறு

சுலோசனாக்காவோடு கடைக்குப் போவதற்குப் பதில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். பல்லாவது ஒரு தடவை வலித்துவிட்டு விட்டுவிடும். அவள் வீட்டுக்காரரின் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு ஓரகத்தியாக வந்த நாளிலிருந்து எத்தனை கடை வாசலில் தலையைக் குனிந்து நின்றிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தேவராஜா மார்க்கெட்டில் பூ விற்கிற கெம்பம்மா எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, "பந்த்ரப்பா பந்த்ரு!" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பாள். கன்னடத்தில், வந்துவிட்டார்கள், உஷார் என்று அர்த்தம். அக்காவுக்கு அதில் பெருமை வேறு.

கஞ்சம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சொந்த ஊர் ஹனூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வேலை தேடி வந்த சொந்தக்காரப் பையன்கள் மாசக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தனிடமும் அவள் முகம் சுளித்ததில்லை. பேரம் என்பது அவளுக்கு வேறு சமாச்சாரம்.

"ஒருத்தரு எப்படின்னு பேசிப் பாத்தாத் தெரியாது மீனா. பேரம் பேசிப் பாக்கோணும்" என்பாள்.

அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எரிந்து விழுகிறானா, சிரிக்கிறானா? சொத்தையை அடியில் தள்ளிக் கட்டுகிறானா? எல்லாம் முடிந்து கொசுறு கேட்டால் முகம் எப்படிப் போகிறது? இவ்வளவும் பார்த்துவிட்டால் அவளுக்கு ஜாதகமே வேண்டாம். என் நாத்தனாருக்கு வந்த ஒரு வரனை, மாப்பிள்ளையின் அம்மா கீரைக்காரியிடம் ஒரு கட்டு அதிகமாகப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தள்ளியவள் அவள். கொசுறு என்றால் கேட்டு, கொடுக்கிறவள் மனசு வந்து கொடுக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. அந்த மாப்பிள்ளை இன்றைக்குக் காரும் பங்களாவுமாக இருக்கிறான். நாத்தனாரும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

இப்படிப்பட்டவளுடைய ஒரே பையன் கவின்ராஜ். ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. சாது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அவனுக்குக் கானா நாட்டில், தேமா என்கிற துறைமுக ஊரில், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இங்கே வாங்குவதைப்போல மூன்று மடங்கு சம்பளம், தங்க இடம், வருஷத்துக்கு ஒரு முறை டிக்கெட். அவன் அப்பா, எங்கள் பெரியவர் மாணிக்கவாசகம், ஒரே வார்த்தையில் கழன்றுகொண்டார்: "உங்கம்மா சரின்னா எனக்குஞ் சரி."

உங்கம்மா சரி சொல்லவில்லை. யார் யாரோ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அந்தக் கண்டம் முழுவதும் ஒரே ஊர் என்பதுபோல, எங்கே எது நடந்தாலும் அது தேமாவில் நடந்ததாகவே அழுதாள். அவன் படம் காட்டினான், வரைபடம் காட்டினான். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற சேலத்துக்காரர் ஒருவரைப் போனில் பேச வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. காச்சல்னு படுத்தா ஒரு டம்ளர் கஞ்சி வெச்சுக் குடுக்க அங்க யாருடா இருக்கா? அவிங்க எப்படிப்பட்டவிங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் பாதித் தட்டில் எழுந்து போவதும், இவள் மீதிச் சோற்றைப் பார்த்து மூக்கைச் சிந்துவதுமாக வீடே சாவு வீடு மாதிரி கிடந்தது. இடையில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். திங்கட்கிழமைக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை நான்தான் வாயை விட்டேன். வெளிவட்டச் சாலை மைதானத்தில் கைவினைப் பொருள் சந்தை போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு வரிசை முழுக்க மேற்கு ஆப்பிரிக்கக் கடைகள், கானாக்காரர்கள்கூட வந்திருக்கிறார்களாம் என்று சும்மா சொன்னேன். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"கடையா? விக்கறாங்களா?"

"ஆமாங்க்கா."

"நாளைக்குக் காலைல மொத ஆளாப் போகோணும். போணி நேரத்துல போனாத்தான் சுயரூபம் தெரியும். அவனையும் கூட்டிக்க, இங்கிலீஷ் பேச."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பையனின் பிழைப்பை ஒரு பேரத்தில் வைத்துத் தீர்மானிப்பாளா ஒருத்தி? தீர்மானிப்பாள். கவின்ராஜிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சித்தி, அம்மா அவங்ககிட்ட சண்டை கிண்டை போட்டா என்ன பண்றது?"

"போட்டா போடட்டும். நீ பல்லைக் கடிச்சிட்டு நில்லு, போதும்" என்றேன்.

மறுநாள் நாங்கள் போனபோது கடைகளில் துணியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் செதுக்கிய முகங்கள், தோல் பைகள், கோடு போட்ட பருத்தித் துணிகள், மணி மாலைகள் என்று ஒரே வண்ணம். கானாக் கடையில் என் வயசு இருக்கும் ஒரு பெண் நின்றாள். பூப்போட்ட தலைத்துணியும் வாய் நிறையச் சிரிப்புமாக, "வெல்கம் மம்மி!" என்றாள். பெயர் எஃபுவா. வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் ஊரில் வைக்கிற பெயர் அது என்று கவின்ராஜ் கேட்டுச் சொன்னான்.

"வெள்ளிக்கெழமையா?" என்றாள் அக்கா. கொஞ்சம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை, கைகாரி.

அவள் எடுத்தது ஒரு புல் கூடை. சிவப்பும் நீலமும் கலந்து வட்டமாகப் பின்னி, கைப்பிடிக்குத் தோல் சுற்றியிருந்தார்கள். அக்கா அதைக் கவிழ்த்தாள், கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், உள்ளே மூக்கை விட்டு மோந்தும் பார்த்தாள். எஃபுவா ஆயிரத்து எண்ணூறு என்றாள்.

"அறுநூறுன்னு சொல்லு" என்றாள் அக்கா, மகனிடம்.

அவன் எச்சில் விழுங்கிவிட்டு என்னவோ சொன்னான். எஃபுவா சிரித்துக்கொண்டே ஆயிரத்து அறுநூறு என்றாள். அக்கா அறுநூற்றைம்பது என்றாள். அவன் மறுபடி என்னவோ சொன்னான். எஃபுவா ஆயிரத்து ஐந்நூற்றைம்பது என்றாள். அக்காவின் புருவம் ஏறியது. அவள் கணக்குப்படி இந்நேரம் ஆயிரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

"சரி, கெளம்புங்க" என்றாள்.

இது அவளுடைய பிரம்மாஸ்திரம். வேண்டாமென்று கிளம்பி மெதுவாக நடப்பாள். கடைக்காரன் "பன்னி அக்கா, பன்னி", அதாவது வாங்கக்கா வாங்க, என்று கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடாவிட்டால் திரும்பிப் போகச் சாக்கு வேண்டுமே என்று குடையை அங்கேயே 'மறந்து' வைத்துவிட்டு வருவாள். அன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் நடந்தாள். பின்னால் கவின்ராஜ் எஃபுவாவிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டு வந்தான்.

நடந்தோம். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கடையையும் தாண்டினோம். அக்கா நடையை இன்னும் குறைத்தாள். ஓர் ஆமை எங்களை முந்திப் போயிருக்கும். கூப்பிடவே இல்லை. அவள் முகம் சுருங்கிப் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

"பாத்தியா மீனா? ஒரு வார்த்த கூப்புடல. போனாப் போன்னு உட்டுட்டா. இந்த மாதிரி சனத்துக்கு மத்தியில என்ற பையன..."

கவின்ராஜ் தரையைப் பார்த்தான். எல்லாம் போச்சு, நானே கூட்டிக்கொண்டு வந்து கெடுத்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. "மம்மி! மம்மி!" எஃபுவா ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் தலைத்துணியுமாக மூச்சிரைக்க வந்து நின்றாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். குடையை அக்காவின் கையில் வைத்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

அக்கா விழித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குடையை எந்தக் கடைக்காரனும் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"என்னடா சொல்றா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு, நனையாமப் போங்கன்னு சொல்றாங்கம்மா."

"அதெல்லாஞ் சரி, போறப்ப ஏன் கூப்புடலன்னு கேளு. கேக்கறயா, நானே கேக்கட்டுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "நான்தான்மா... எங்களுக்குக் கூடை வேண்டாம், நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க பாதியில கிளம்பினது எனக்கு ஒருமாதிரி இருந்துச்சு."

"அப்ப அறுநூறுன்னு சொன்னது?"

"ஆயிரத்து நானூறுன்னு சொன்னேன். அறுநூறுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சும்மா."

"அட கடவுளே!" என்று அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். "பேரம் பேசச் சொன்னா மொய் எழுதியிருக்கான் பாரு! நீ ஒண்ணும் பேச வேண்டாம், ஓரமா நில்லு. ஏம்மா எஃபுவா, நீ வா."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எஃபுவாவுக்கு என்ன புரிந்ததோ, அவளும் சிரித்தாள்.

கடைக்குத் திரும்பிய பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்கா தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். எஃபுவா இங்கிலீஷும் தன் பாஷையும் கலந்து பேசினாள். நடுவில் ஒரு கால்குலேட்டர். அக்கா அறுநூறு என்று தட்டிக் காட்டியதும் எஃபுவா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து யாரிடமோ முறையிட்டாள். அக்காவும் விடவில்லை. கூடையில் ஒரு புல் பிரிந்திருந்ததைக் காட்டி, குழந்தைக்கு அடிபட்ட மாதிரி உச்சுக் கொட்டினாள். எஃபுவா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து காட்டினாள். கூடை அசையவில்லை. பிறகு, நீ என்னவோ செய்துகொள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழைக்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இது அக்காவின் அஸ்திரத்துக்கு அவளுடைய எதிர் அஸ்திரம். சாப்பிடும்போது பொட்டலத்தை எங்கள் பக்கமும் நீட்டினாள், அதுதான் வேடிக்கை. அக்கா ஒன்று எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணில் இவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கடைசியில் ஆயிரத்து நூறில் கை கொடுத்துக்கொண்டார்கள். எஃபுவா பிரிந்த புல்லை ஊசியால் உள்ளே தள்ளிச் சரிசெய்து, கூடையைத் துடைத்து வைத்தாள். அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அடுத்து என்னவென்று எனக்குத் தெரியும். கொசுறு கேட்க அவள் விரல்களைக் குவித்து, வாயைத் திறந்தாள்.

அதற்குள் எஃபுவா கொக்கியிலிருந்து ஒரு நீல மணிச்சரத்தை எடுத்துக் கூடையின் கைப்பிடியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, கூடையைத் தட்டிக் கொடுத்து, அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"இது எதுக்குன்னு கேளுடா" என்றாள் அக்கா, மெல்லிய குரலில். "உள்ளது உள்ளபடி சொல்லு, இந்தத் தடவ."

அவன் கேட்டான். எஃபுவா அதைக் கேட்டதற்கே ஆச்சரியப்பட்டாள். "அவங்க ஊர்ல அப்படித்தானாம்மா. வாங்கினதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுக்கறது வழக்கமாம். தக்காளி வித்தாலும் மேல ரெண்டு வைப்பாங்களாம். அதுக்குன்னு ஒரு பேரே இருக்காம்."

"கேக்காமலேயா?"

"வாங்க வந்தவங்களை வெறும் அளவோட அனுப்பக் கூடாதாம்."

அக்கா எஃபுவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி அவள் தலைத்துணியில் செருகிவிட்டாள். கெம்பம்மாவிடம் அடித்துப் பேசி வாங்கிய பூ.

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூறல் போட ஆரம்பித்தது. கவின்ராஜ் முன்னால் டிரைவர் பக்கத்தில், திரும்பிப் பார்க்கவும் பயந்துகொண்டு இருந்தான். பாவம், எனக்கே பொறுக்கவில்லை.

"அக்கா, என்னதான் சொல்றீங்க?" என்றேன்.

"என்னத்த சொல்றது? அளந்து குடுக்கற ஊருன்னா பயந்திருப்பேன் மீனா. மேல போட்டுக் குடுக்கறவ, பக்கத்து ரூம்புல பையன் காச்சல்ல கெடந்தா ஒரு டம்ளர் கஞ்சி குடுக்காமலா போயிருவா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் எட்டி அவன் தோளைத் தட்டினாள். "போயிட்டு வாடா."

அப்பாடா! ஒரு மாசமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி வெளியே போட்டாற்போல இருந்தது எனக்கு. கவின்ராஜ் திரும்பினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"நெசமாவாம்மா?"

"நெசந்தான். ஆனா ஒண்ணு" என்றாள், மணிச்சரத்தை விரலால் நெருடிக்கொண்டே. "அங்க போயும் அறுநூற ஆயிரத்து நானூறுன்னு சொல்லிட்டு நின்ன, நானே பிளேன் ஏறி வந்திருவேன், ஆமா."